புத்தகப் பைக்குள் வந்த கணினி

தோட்டத்துப் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய கணினி. மடிமீது வைத்து இயக்கலாம் என்பதால் இதனை மடிக்கணினி என்று அழைக்கின்றோம். இது எப்படித் தோன்றியது, எப்படி இளைத்தது, இதற்கான சந்தை எப்படிப் பெருகியது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

"மடிக்கணினியா? அது அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு அல்லவா வேண்டும்? பால்மரம் வெட்டுகிற வீட்டுக்கும் செம்பனைக் குலை அறுக்கிற வீட்டுக்கும் அது எதற்கு?" என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்குரிய விடை இந்தப் பொறியின் வரலாற்றிலேயே இருக்கின்றது. தூக்கிச் செல்லும் கணினி என்ற எண்ணம் முதன்முதலில் பிறந்தபோது, அதிகாரிகளையோ வணிகர்களையோ மனத்தில் வைத்துப் பிறக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்காகவே பிறந்தது. ஆனால், அது பிள்ளைகளின் கைக்கு வந்து சேர ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. இடையில் அது யார் யார் கையில் இருந்தது? ஏன் இத்தனை தாமதம்? இவற்றை அறிந்துகொண்டால், நம் வீட்டுப் பிள்ளைக்கு இதில் உள்ள உரிமை என்ன என்பதும் விளங்கிவிடும்.

முதலில் 1946-ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அமெரிக்காவில் அவ்வாண்டு உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்ட எனியாக் என்ற கணினி 30 டன் எடை கொண்டது. ஒரு பெரிய கூடம் முழுவதையும் அது அடைத்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு 20 ஆண்டுகள் சென்றும் கணினி என்றால் குளிரூட்டிய அறையில், பூட்டிய கதவுக்குள் இருக்கும் பொருள்தான். பல்கலைக்கழகங்கள், வங்கிகள், இராணுவம் போன்றவையே அதை வைத்திருந்தன.

அந்தக் காலத்தில் ஆலன் கே என்ற இளம் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒருவர் இருந்தார். 1968-இல் அவர் சீமோர் பேப்பர்ட் என்ற கல்வியாளரைச் சந்திக்கச் சென்றார். பேப்பர்ட்டும் அவருடைய தோழர்களும் சிறு பிள்ளைகளுக்கென்று லோகோ என்ற எளிய கணினி மொழியை உருவாக்கியிருந்தார்கள். பிள்ளைகள் அந்த மொழியில் கட்டளைகளை எழுதிக் கணினியை வேலை வாங்கிக்கொண்டிருந்ததை ஆலன் கே தம் கண்ணால் கண்டார். அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. சிலேட்டையும் நோட்டுப் புத்தகத்தையும் போலக் கணினியும் பிள்ளையின் கையோடு இருக்க வேண்டும் அல்லவா?

1972-இல் அந்த எண்ணத்தை ஒரு கட்டுரையாக எழுதினார். அந்தக் கணினிக்கு டைனாபுக் என்று பெயரிட்டார். அது ஒரு நோட்டுப் புத்தகத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது; எடை 4 ராத்தலுக்குள், அதாவது 2 கிலோவுக்கும் குறைவாக இருக்க வேண்டும்; விலை 500 அமெரிக்க டாலருக்குள் அடங்க வேண்டும். அளவு, எடை, விலை ஆகிய இம்மூன்று நிபந்தனைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வந்த கணினிகளை எல்லாம் இந்த மூன்று படிக்கற்களை வைத்தே நாம் நிறுத்துப் பார்க்கப் போகின்றோம்.

அன்றைய தொழில்நுட்பத்தால் டைனாபுக்கைச் செய்ய முடியவில்லை. அது காகிதத்திலேயே நின்றுவிட்டது. 1975-இல் ஐ.பி.எம். நிறுவனம் 5100 என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்து, இது தூக்கிச் செல்லக்கூடியது என்று அறிவித்தது. அதன் எடை ஏறத்தாழ 25 கிலோ. நல்ல முற்றிய செம்பனைக் குலை ஒன்றைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு 25 கிலோ என்றால் என்னவென்று நாம் சொல்லத் தேவையில்லை. விலையோ, வகைக்கு ஏற்ப ஏறத்தாழ 9,000 டாலரிலிருந்து 20,000 டாலர் வரை. அக்காலத்தில் இது பெருந்தொகை. பெரிய நிறுவனங்களைத் தவிர வேறு யார் வாங்க முடியும்?

இதன் பின்னர் வரும் மனிதரின் கதை, தமிழர்களாகிய நமக்குச் சற்று நெருக்கமானது. அவர் பெயர் ஆடம் ஆஸ்போர்ன். 1939-இல் பாங்காக்கில் பிறந்தவர். தந்தை ஆங்கிலேயர், தாயார் போலந்து நாட்டவர். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன், இரமண மகரிஷியிடம் பற்றுக் கொண்டவர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர்கள் அவரைச் சயாமில் முகாமில் அடைத்துவிட்டார்கள். தாயாரும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் வாழ்ந்தார்கள். அதே போரில், அதே சயாமில், மரண இரயில் பாதை போட நம் தோட்டத்து மக்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டதை நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அந்தப் போரின் நிழலில், திருவண்ணாமலைத் தெருக்களில் தமிழ் பேசி வளர்ந்த வெள்ளைக்காரச் சிறுவன்தான் பிற்காலத்தில் கணினி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தான்.

1981-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆஸ்போர்ன்-1 என்ற கணினியை அவர் அமெரிக்காவில் வெளியிட்டார். அது ஒரு தையல் இயந்திரப் பெட்டியைப் போலிருந்தது. மூடியைத் திறந்தால் அதுவே விசைப்பலகை. எடை 11 கிலோ. அதாவது ஒரு 10 கிலோ அரிசிப் பையைவிடச் சற்று அதிகம். திரை 5 அங்குலம்தான். உள்ளே மின்கலம் கிடையாது. சுவரில் மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும். இத்தனை குறைகள் இருந்தும் மக்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். காரணம் என்ன? விலை 1,795 டாலர். எழுதுவதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் தேவையான மென்பொருள்களை எல்லாம் அந்த விலைக்குள்ளேயே சேர்த்துக் கொடுத்தார். அவற்றைத் தனித்தனியே வாங்கினாலே ஏறக்குறைய அவ்வளவு பணம் ஆகியிருக்கும். உச்ச நிலையில் மாதத்திற்கு 10,000 கணினிகள் விற்றன.

ஆனால், அந்த வெற்றி நிலைக்கவில்லை. இதைவிடச் சிறந்த கணினி ஒன்று வரப் போகின்றது என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவிட, கடைக்காரர்கள் பழையதை வாங்குவதை நிறுத்திக்கொண்டார்கள். ஐ.பி.எம். கணினிக்கான மென்பொருள்களை அப்படியே இயக்கவல்ல காம்பாக் என்ற போட்டிக் கணினியும் சந்தைக்கு வந்தது. 1983 செப்டம்பரில் ஆஸ்போர்ன் நிறுவனம் நொடித்துப் போயிற்று. புதியது வருமுன் அதைப் பற்றிப் பேசிப் பழையதன் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதற்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்றே வணிக உலகில் பெயர் வழங்குகின்றது. ஆடம் ஆஸ்போர்ன் இறுதிக் காலத்தில் தமிழகத்துக்கே திரும்பி, 2003-இல் கொடைக்கானலில் காலமானார். அவர் நிறுவனம் வீழ்ந்தாலும், அவர் நிரூபித்த உண்மை வீழவில்லை. தூக்கிச் செல்லும் கணினியை நியாயமான விலைக்குக் கொடுத்தால் வாங்குவதற்கு ஆள் உண்டு என்பதே அந்த உண்மை.

சரி, 11 கிலோ எப்படி 2 கிலோவாக இளைத்தது? இதனை மாணவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். மூன்று பொருள்கள் மாறின. முதலாவது திரை. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் கனத்த கண்ணாடிக் குழாய் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். ஆஸ்போர்ன் கணினியில் இருந்ததும் அதுவே. அதன் இடத்தில் திரவப் படிகத்தால் ஆன தட்டையான திரை வந்தது. இந்தத் திரவப் படிகத்தின் விந்தையை 1888-இல் முதலில் கவனித்தவர் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர். எதில் கவனித்தார் தெரியுமா? காரட் கிழங்கிலிருந்து எடுத்த ஒரு பொருளில்! காரட்டை ஆராயப் போனவர் கண்டது, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் கணினியின் முகமாயிற்று.

இரண்டாவது மின்கலம். தொடக்கத்தில் இருந்த மின்கலங்கள் கனமானவை, விரைவில் தீர்ந்துவிடுபவை. 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. லித்தியம் உலோகங்களிலேயே மிக இலேசானது. குறைந்த எடையில் அதிக மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் வழி அதனால் பிறந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவது, தகவலைச் சேமிக்கும் பகுதி. முன்பு சுழலும் தட்டுகளில் தகவல் பதிவாயிற்று. தட்டைச் சுழற்ற விசை வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். கீழே விழுந்தால் கெட்டுப் போகும். 1980-களில் ஜப்பானியப் பொறியியலாளர் மசுவோகா, சுழலும் பாகம் எதுவும் இல்லாத நினைவுச் சில்லை உருவாக்கினார். பின்னாளில் மலிவான சிறு கணினிகள் பிறக்க அதுவே துணை செய்தது.

இம்மாற்றங்கள் ஒரே நாளில் வந்துவிடவில்லை, படிப்படியாகவே வந்தன. 1982-இல் ஜப்பானின் எப்சன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த எச்.எக்ஸ்-20 கணினியின் எடை 1.6 கிலோ மட்டுமே. ஆனால், அதன் திரையில் தெரிந்தவை 4 வரிகள்தான். அதே ஆண்டில் வந்த கிரிட் காம்பஸ் என்ற கணினிதான், புத்தகத்தைத் திறப்பதுபோல் திரையைத் திறந்து மூடும் அமைப்பைக் கொண்டுவந்தது. அமெரிக்க விண்வெளி ஓடத்திலும் அது பயணம் செய்தது. விலை 8,150 டாலர்! 1983-இல் வந்த டி.ஆர்.எஸ்-80 மாடல் 100 என்ற கணினி, வானொலிப் பெட்டிக்குப் போடுவது போன்ற 4 சிறு மின்கலங்களால் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடியது. ஊர் ஊராகச் சென்று செய்தி எழுதும் பத்திரிகையாளர்கள் அதனை விரும்பி வாங்கினார்கள்.

1985-இல் தோஷிபா நிறுவனம் டி-1100 என்ற மடிக்கணினியை வெளியிட்டது. எடை 4 கிலோ. இதற்குச் சந்தை இருக்குமா என்று அந்த நிறுவனத்துக்குள்ளேயே ஐயம் இருந்தது. ஐரோப்பாவில் விற்பனைப் பொறுப்பில் இருந்த நிஷிதா என்பவர் ஓராண்டில் 10,000 விற்றுக் காட்டுவதாகச் சொல்லி, அவ்வாறே விற்றும் காட்டினார். 1989-இல் அதே நிறுவனம் ஜப்பானில் 2.7 கிலோ எடையில் நோட்டுப் புத்தக அளவிலான கணினியை வெளியிட்டது. அதற்கு வைத்த பெயர் டைனாபுக்! ஆலன் கே கண்ட கனவின் பெயரையே வைத்தார்கள். ஆனால், விலை 198,000 யென். பெயர் பிள்ளைகளுடையது, பொருள் பெரியவர்களுடையது.

1990-கள் முழுவதும் இதே நிலைதான். சில்லுகளின் விலை ஆண்டுதோறும் குறைந்தது. ஆனால், மடிக்கணினியின் விலை அதற்கேற்பக் குறையவில்லை. ஏன்? விலையைக் குறைப்பதற்குப் பதில் வேகத்தைக் கூட்டினார்கள், திரையைப் பெரிதாக்கினார்கள், புதுப்புது வசதிகளைச் சேர்த்தார்கள். பணம் கொடுக்கக்கூடியவர் நிறுவன அதிகாரி. அவருக்கு எது வேண்டுமோ அதையே செய்தார்கள். பிள்ளைகளைப் பற்றி யாரும் கணக்குப் போடவில்லை. வாங்கும் சக்தி இல்லாதவனைச் சந்தை பார்ப்பதில்லை, நேயர்களே!

இந்த இடத்தில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1972-இல் இன்டெல் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் சில்லுத் தொழிற்சாலையைப் பினாங்கு பாயான் லெப்பாசில் அமைத்தது. தொடர்ந்து பல நிறுவனங்கள் வந்தன. 1990-களின் நடுவில் டெல் நிறுவனமும் பினாங்கில் கணினிகளைப் பூட்டத் தொடங்கியது. பினாங்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகளுக்குக் கம்பத்துப் பெண்பிள்ளைகளும் தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் பேருந்து ஏறிப் போனார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைச் சில்லுகளோடு இணைத்தார்கள். உலகெங்கும் போன கணினிகளில் அவர்களின் கைவேலை இருந்தது. அந்தக் கணினி ஒன்றைத் தம் தம்பி தங்கைகளுக்கு வாங்கிக் கொடுக்க அவர்களில் எத்தனை பேரால் முடிந்திருக்கும்? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான்.

இந்தப் போக்கை உடைத்தவர்களில் முக்கியமானவர் நிக்கோலஸ் நெக்ரோபாண்டே. ஆலன் கேயும் பேப்பர்ட்டும் அவரோடு துணை நின்றார்கள். 2005-ஆம் ஆண்டு ஜனவரியில், ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்காக 100 டாலரில் ஒரு மடிக்கணினி செய்யப் போவதாக அவர் அறிவித்தார். கேட்டவர்களில் பலர் நகைத்தார்கள். 2007-இல் அந்தக் கணினி வந்துவிட்டது. பச்சையும் வெள்ளையுமாக, ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான எடையில் இருந்தது. வெயிலில் உட்கார்ந்தாலும் எழுத்துத் தெரியும் திரை. தூசியும் தண்ணீரும் புகாத இரப்பர் விசைப்பலகை. சொன்னபடி 100 டாலருக்குச் செய்ய முடியவில்லை. ஏறக்குறைய 190 டாலர் ஆயிற்று. இருந்தாலும், ஆலன் கே வைத்த மூன்று நிபந்தனைகளும் 35 ஆண்டுகளுக்குப் பிறகு ஒருசேர நிறைவேறின.

பெரிய நிறுவனங்கள் அப்போதுதான் விழித்துக்கொண்டன. இத்தனை மலிவாகச் செய்ய முடியும் என்றால், நாமே செய்து விற்கலாமே என்று எண்ணின. 2007 அக்டோபரில் தைவானின் அசூஸ் நிறுவனம் ஈ.பி.சி. என்ற சின்னஞ்சிறு மடிக்கணினியை வெளியிட்டது. திரை 7 அங்குலம். எடை 920 கிராம். அமெரிக்காவில் விலை 399 டாலர். சுழலும் தட்டு இல்லை. மசுவோகாவின் நினைவுச் சில்லே இருந்தது. மென்பொருளோ காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ். சில மாதங்களிலேயே இலட்சக்கணக்கில் விற்றது. ஏசர், டெல், எச்.பி. என்று எல்லாரும் அந்த வழியில் இறங்கினார்கள். நெட்புக் என்ற புதிய இனமே பிறந்தது. 2008-இல் உலகப் பொருளாதாரம் சரிந்து மக்கள் கையைக் கடித்துச் செலவு செய்த காலத்திலும் இவற்றின் விற்பனை ஏறியது. அவ்வாண்டின் மூன்றாம் காலாண்டில், உலக வரலாற்றில் முதன்முறையாக, மேசைக் கணினிகளைவிட மடிக்கணினிகள் அதிகமாகச் சந்தைக்குச் சென்றன.

நெட்புக்கின் ஆயுள் நீண்டதாக இல்லை. சிறிய விசைகளும் குறைந்த வேகமும் மக்களைச் சலிப்படையச் செய்தன. 2010-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் வந்தது. 2012-ஆம் ஆண்டு இறுதியோடு அசூசும் ஏசரும் நெட்புக் செய்வதைக் கைவிட்டன. ஆயினும், அது திறந்த கதவு மூடப்படவில்லை. 2011-இல் கூகிளின் மென்பொருளோடு குரோம்புக் என்ற மலிவான மடிக்கணினி வந்து, பள்ளிகளில் இடம் பிடித்தது. அதே 2011-இல் தமிழ்நாட்டு அரசாங்கம், அரசுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைச் செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கியது. இலட்சக்கணக்கான பிள்ளைகள் அதனால் பயன் பெற்றார்கள். முன்பு சந்தையின் கண்ணுக்கே தெரியாமல் இருந்த ஏழைப் பிள்ளைக்காக, இப்போது அரசாங்கங்கள் மொத்தமாக வாங்கத் தொடங்கின. சந்தை பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணினி கைக்கு வந்துவிட்டால் கல்வி வந்துவிடுமா? அதையும் வரலாறு நமக்குக் காட்டியிருக்கின்றது. தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாடு, நெக்ரோபாண்டேயின் கணினிகளை மிக அதிகமாக வாங்கிய நாடுகளில் ஒன்று. அங்கே 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் தேர்ச்சி உயர்ந்ததாகத் தெரியவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இணையம் இல்லை. பொறி போய்ச் சேர்ந்தது. அதனோடு போக வேண்டியவை போகவில்லை.

அதே கண்டத்தில் உருகுவே என்ற சிறிய நாடு வேறு வழியில் சென்றது. 2007-இல் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தொடங்கி, 2009 அக்டோபருக்குள் அரசாங்கத் தொடக்கப் பள்ளி மாணவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு கணினி கொடுத்து முடித்தார்கள். பள்ளிகளுக்கு இணையம் கொடுத்தார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அங்கும் புள்ளிகள் மளமளவென்று ஏறிவிடவில்லை. ஆனால், 2020-இல் கோவிட் நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அந்நாட்டுப் பிள்ளைகளின் கையில் கணினி இருந்தது. பாடங்களும் ஆயத்தமாக இருந்தன.

நம் நாட்டில் நிலைமை எப்படி இருந்தது? 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக் கதவுகள் அடைபட்டன. வீட்டிலிருந்தே படிக்க வேண்டும் என்றார்கள். கல்வியமைச்சு அப்போது எடுத்த கணக்கின்படி, மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் 9 விழுக்காட்டினர் மட்டுமே. நூற்றில் ஒன்பது பேர்! உலகச் சந்தையில் அவ்வாண்டு மேசைக் கணினியும் மடிக்கணினியுமாக ஏறத்தாழ 30 கோடி விற்றன; 2021-இல் அது இன்னும் கூடியது. அந்தப் பெருவெள்ளத்தில் நம் தோட்டத்து லயன்களுக்கு வந்து சேர்ந்தது எத்தனை?

ஆசிரியர்களாகிய நாங்கள் அந்த நாள்களை மறக்கவில்லை. அப்பாவின் கைப்பேசி ஒன்று. அதற்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மூவர். அப்பா வேலைக்குப் போகும்போது கைப்பேசியும் போய்விடும். அவர் திரும்பிய பிறகு, இரவில்தான் பாடம். கையகலத் திரையில் கட்டுரை எழுத முடியுமா? கணக்கின் வழிமுறையை எழுதிக் காட்ட முடியுமா? பார்க்கலாம், கேட்கலாம், எழுத முடியாது. கைப்பேசிக்கும் கணினிக்கும் உள்ள வேறுபாடு அந்த நாள்களில்தான் நம்மில் பலருக்கு விளங்கியது. பின்னர், 150,000 மாணவர்களுக்குக் கருவி வழங்கும் செர்டிக் திட்டம் 2021 பிப்ரவரியில் தொடங்கியது. நல்ல முயற்சிதான். ஆனால், நாட்டில் படிக்கும் பிள்ளைகளோ ஏறத்தாழ 50 இலட்சம் பேர்.

ஆகவே பெற்றோர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? மடிக்கணினியை ஓர் ஆடம்பரப் பொருளாக எண்ண வேண்டியதில்லை. பிள்ளையின் சிலேட்டாகவே அது எண்ணப்பட்டது. வசதி உள்ளவன் வீட்டுக்கு முதலில் போய்விட்டது என்பதால், அது அவனுக்கே உரியது ஆகிவிடாது.

வாங்குவதற்கும் சில முறைகள் உண்டு. கடையில் மின்னுகின்ற புதிய வகைதான் வேண்டும் என்று தவணைக் கடனில் சிக்கிக்கொள்ள வேண்டாம். அலுவலகங்கள் பயன்படுத்திவிட்டு விற்கும் பழைய மடிக்கணினிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. விண்டோஸ்-10 மென்பொருளுக்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிவடைந்ததால், அவ்வாறு ஒதுக்கப்பட்டவை ஏராளம். அவற்றில் பலவற்றில், காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். வாங்குமுன் நான்கைப் பாருங்கள். மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்குகின்றது? விசைகள் எல்லாம் வேலை செய்கின்றனவா? சுழலும் தட்டுக்குப் பதில் நினைவுச் சில்லு இருக்கின்றதா? விற்பவர் கொஞ்ச காலத்துக்காவது உத்தரவாதம் தருகின்றாரா? தனியாக ஒரு குடும்பத்தால் முடியாவிட்டால், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாகவோ கோயில் மண்டபத்திலோ நான்கைந்து கணினிகளைப் பொதுவில் வைக்கலாம். ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் நூல் நிலையங்கள் அப்படித்தான் நடந்தன. ஒரு செய்தித்தாள் வரும், ஊரே படிக்கும்.

வாங்கியபின் கவனிக்க வேண்டியதும் உண்டு. பேப்பர்ட்டின் வகுப்பில் பிள்ளைகள் கணினிக்குக் கட்டளையிட்டார்கள். கணினி சொன்னதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. உங்கள் பிள்ளையும் அவ்வாறே செய்யட்டும். படம் பார்ப்பதற்கும் விளையாடுவதற்கும் மட்டும் அது என்றால், நூறு வெள்ளிக்கு வாங்கினாலும் நட்டம்தான். தமிழில் எழுத நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. பிள்ளை தன் தாத்தாவின் கதையைத் தமிழில் தட்டச்சு செய்யட்டும். வீட்டுச் செலவுக் கணக்கைப் போட்டுக் காட்டட்டும். கணினியை அறைக்குள் வைக்காமல், எல்லாரும் நடமாடும் கூடத்தில் வையுங்கள். உங்களுக்குக் கணினி தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்காருங்கள். "இது என்ன, எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைக்குத்தான் பாடம் மனத்தில் பதியும்.

30 டன் கணினி ஒரு கிலோவுக்குள் அடங்கிவிட்டது. 20,000 டாலர் விலை சில நூறு வெள்ளிக்கு இறங்கிவிட்டது. விஞ்ஞானிகளும் பொறியியலாளர்களும் தொழிலாளர்களும் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். மீதி இருப்பது, கடையிலிருந்து நம் வீட்டுக் கூடம் வரையிலான தூரம். அந்தத் தூரத்தைக் கடத்துவது பெற்றோர்களாகிய உங்களையும் ஆசிரியர்களாகிய எங்களையும் பொறுத்தது. அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதை விடாமல் கேட்போம்; நாமே செய்யக்கூடியதை நாளைக்கென்று தள்ளாமல் செய்வோம்.